பழைய பொம்மை ரோபோவில் எடுத்தவுடன் பேட்டரி செல் போடாதீர்கள்

போன ஆனிச் சாரலில் புளியரையிலிருந்து ஒரு தம்பி செங்கோட்டைக்கு என்னைத் தேடி வந்தான். சின்ன வயதில் அவனுடைய மாமா துபாயிலிருந்து வாங்கி வந்த ரோபோ கையில் இருந்தது. "அண்ணே, புது செல் போட்டேன். உர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல" என்றான். மூடியைக் கழற்றும் முன்பே கருகல் வாடை. என் ரோபோவையும் நான் இப்படித்தான் இழந்தேன். பழைய ரோபோவைத் திரும்ப ஓடவைக்கப் போய்ச் செய்யும் தவறுகளை இங்கே சொல்கிறேன். செல்லைத் தலைகீழாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை எல்லோருக்கும் தெரியும்.

பரணிலிருந்து இறக்கியதும் சுவிட்சைப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். இருபது வருடம் கிடந்த ரோபோவில் கியருக்குப் போட்ட கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். சுற்றும் மோட்டார் கொஞ்சமாகத்தான் மின்சாரம் இழுக்கும். சுற்ற முடியாமல் சிக்கிய மோட்டாரோ அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அவ்வளவும் போர்டில் உள்ள சின்ன டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும். சில நொடிகளில் அவை கருகிவிடும். மோட்டார் பிழைத்துக்கொள்ளும், போர்டு போய்விடும்; அந்தப் போர்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. 1998-இல் வந்த ஃபர்பி பொம்மையில் கண், காது, வாய் எல்லாவற்றையும் அசைப்பது ஒரே மோட்டார். எங்கே சிக்கினாலும் மொத்தமும் நின்றுவிடும்.

என் ரோபோ முனகியபோது, தானே இளகிவிடும் என்று நம்பி சுவிட்சை அணைக்காமல் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். புகை வந்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போனது.

முதலில் பிரியுங்கள். மோட்டாரை ஒட்டிய கியரை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ரோபோவின் கையைப் பிடித்துத் திருகக் கூடாது. உள்ளே வார்ம் கியர் (திருகாணி போன்ற கியர்) இருந்தால் அந்தப் பக்கமிருந்து சுற்றாது, பல்தான் உடையும். பழைய கிரீஸை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் எடுங்கள். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பிறகு மோட்டார் வயரில் ஒன்றைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு செல்லை நேரே மோட்டாருக்கு ஒரு நொடி கொடுங்கள். தடையில்லாமல் சுற்றினால்தான் போர்டுக்கு மின்சாரம்.

புளியரைத் தம்பியின் போர்டில் இரண்டு டிரான்சிஸ்டர்களை மாற்றினோம். வலது கை எழுந்தது. இடது கைக்கான ஐசி சிப் போய்விட்டது, அதை என்னால் மீட்க முடியவில்லை.

கியருக்குத் தேங்காய் எண்ணெய்

கேரள எல்லை தாண்டினால் எல்லா வீட்டிலும் கைக்கு எட்டும் எண்ணெய் இதுதான். சாரல் காலத்துக் குளிரில் உறைந்துவிடும். நாள்பட்டால் இதுவும் பிசினாகும். சிலிகான் கிரீஸ் துளி போதும்.

செல் கசிவைக் கத்தியால் சுரண்டுவது

செல் தொடும் தகட்டின் மேல்பூச்சு போய்விடும், நம் ஊர் ஈரத்தில் அடுத்த மாதமே துரு ஏறும். ஆல்கலைன் செல் கசிந்தால் வருவது காரம். கையுறை போட்டுக்கொண்டு எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள்.

திருகாணிகளை ஒரே கிண்ணத்தில் போடுவது

அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள்.

ரிமோட்டைச் சோதிக்காமல் ரோபோவைப் பிரிப்பது

செல்ஃபி கேமரா முன் ரிமோட்டைப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ரிமோட்டின் முனையில் மினுங்கினால் ரிமோட் சரி.