ஹார்ட் டிஸ்க் குளோன், பேக்கப்: புதுசா பண்றவங்க தயவுசெஞ்சு இதையெல்லாம் பண்ணாதீங்க

போன வாரம் ராத்திரி பத்தரை மணி இருக்கும், ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணே, லேப்டாப் ரெண்டு நாளா ரொம்ப ஸ்லோ, ஒரு ஃபோல்டர் தொறக்கவே ஒரு நிமிஷம் ஆகுது, எஸ்எஸ்டிக்கு மாத்திடலாம்னு குளோன் போட்டேன், நாலு தடவை போட்டும் பாதியில எரர் அடிச்சு நின்னுடுச்சு, அதான் செக்டிஸ்க் போட்டு விட்டிருக்கேன், 27 சதவீதத்துல நிக்குது, காலைக்குள்ள முடிஞ்சிடும்ல?"ன்னு கேட்டான். பவர் பட்டனை அழுத்திப் புடி, இப்பவே ஆஃப் பண்ணுன்னு கத்திட்டேன். பாவம், அவன் பயந்துட்டான். (குளோன்னா ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறது, செக்டிஸ்க்னா டிஸ்க்கைச் சோதிச்சு சரி பண்றதுக்கு விண்டோஸ்ல இருக்கிற கமாண்ட்.)

அவன் மேல கோபம் இல்ல. அப்படிப் பண்ணச் சொல்லி அவனுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, எனக்கும் ஒரு காலத்துல அதே மாதிரி சொல்லிக் குடுத்தாங்க, நானும் அப்படியே பண்ணேன். அதனால தான் எழுதுறேன். பேக்கப்பே எடுக்காம இருக்கிறது, எல்லாத்தையும் டெஸ்க்டாப்ல கொட்டி வைக்கிறது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுறேன்.

சாகக் கெடக்குற டிஸ்க்கை ரிப்பேர் பண்ணப் பாக்குறது

இதைப் பத்தி தான் முக்கியமா பேசணும்.

ஒரு ஹார்ட் டிஸ்க் போகப் போகுதுன்னா பெரும்பாலும் ஏதாவது அறிகுறி காட்டும். ஃபைல் காப்பி பண்ணும்போது ஸ்பீடு திடீர்னு பூஜ்யத்துக்கு இறங்கி அப்புறம் ஏறும், சிஸ்டம் அஞ்சு பத்து செகண்டு உறைஞ்சு நிக்கும், பூட் ஆகும்போது டிஸ்க்கை செக் பண்ணப் போறேன்னு விண்டோஸ் தானாவே கவுன்ட்டவுன் ஓட்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு சின்ன சாஃப்ட்வேர்ல ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன்னோட நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிறது) பாத்தா மூணே மூணு வரி போதும்: 05ங்கிறது வேற இடத்துக்கு மாத்தின செக்டர் (டிஸ்க்ல டேட்டா இருக்கிற சின்னக் கட்டம்) எத்தனை, சி5ங்கிறது படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டர் எத்தனை, சி6ங்கிறது டிஸ்க் தானா சோதிச்சுப் பாத்தும் படிக்க முடியாதுன்னு கைவிட்ட செக்டர் எத்தனை. இந்த மூணுல எதுவும் பூஜ்யத்துலேர்ந்து நகர்ந்திருந்தா கவனமா இருக்கணும், அதுலயும் சி5 நாளுக்கு நாள் ஏறுதுன்னா அன்னிக்கே டேட்டாவை வெளியில எடுத்துடணும்.

இந்த நேரத்துல யாரைக் கேட்டாலும் சொல்ற முதல் யோசனை "செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (/r) போட்டுப் பாரு". இத்தனை வருஷம் கழிச்சும் இதைக் கேட்டா எனக்கு எரிச்சல் அடங்க மாட்டேங்குது. செக்டிஸ்க் உங்க ஃபைலைக் காப்பாத்துறதுக்காக எழுதப்பட்டதே இல்ல, அதோட வேலை ஃபைல் சிஸ்டத்தோட கணக்கை, அதாவது எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற கணக்கை, நேர் பண்றது. ஒரு ஃபோல்டரோட விவரம் இருக்கிற செக்டர் படிக்க வரலன்னா அந்த விவரத்தைத் தூக்கிடும், அந்த ஃபோல்டருக்குள்ள இருந்ததுல பல ஃபைல் பேர் போய் அனாதையா நிக்கும், அதுங்களை ஃபவுண்ட்.000ன்னு ஒரு ஃபோல்டர்ல வரிசை நம்பர் போட்டு .சிஎச்கேன்னு தள்ளி வச்சிடும். இது எல்லாத்தையும் அதே டிஸ்க் மேல எழுதும், ஒருதடவை எழுதிட்டா பழையபடி திருப்ப வழி கிடையாது. ஸ்லாஷ் ஆர் போட்டா இதுக்கு மேல ஒவ்வொரு செக்டரையும், காலி இடத்தையும் சேர்த்து, உக்காந்து படிக்கும். மூச்சு வாங்கிட்டிருக்கிற டிஸ்க்கை ராத்திரி பூரா ஓட விடுற மாதிரி.

நான் இதைப் பண்ணது எங்க அண்ணியோட லேப்டாப்ல. அண்ணி டீச்சர். 9 வருஷமா அவங்களே தயார் பண்ண பாடக் குறிப்பு, கேள்வித்தாள் எல்லாம் அந்த 500 ஜிபி டிஸ்க்ல தான் இருந்துச்சு. ஸ்லோவா இருக்குன்னு என்கிட்ட குடுத்தாங்க, நான் தான் வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன். ஸ்லாஷ் ஆர் போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். காலையில எழுந்து பாத்தா டிஸ்க்லேர்ந்து டிக் டிக்னு சத்தம், திரையில 61 சதவீதம், அதுக்கு மேல நகரல. திரும்ப ஆன் பண்ணப்போ அவங்க ஃபோல்டர் எதுவும் இல்ல, ஃபவுண்ட்.000 மட்டும் இருந்துச்சு, உள்ள ஆயிரக்கணக்குல .சிஎச்கே. ஒவ்வொண்ணா தொறந்து பாத்தேன். ஒரு கேள்வித்தாள் தொறந்துச்சு, முதல் பக்கம் அப்படியே இருக்கு, பகுதி ஆ வரைக்கும் ஒழுங்கா இருக்கு, அதுக்குக் கீழ கட்டம் கட்டமா குப்பை எழுத்து. அண்ணி பக்கத்துல நின்னு அதைப் பாத்துட்டு "பரவால்ல விடுப்பா, திரும்ப டைப் பண்ணிக்கிறேன்"னு சொன்னாங்க. அந்த லீவு முழுக்க அவங்க உக்காந்து டைப் பண்ணாங்க, நான் பாத்துட்டே இருந்தேன்.

முதல் நாள் மாட்டினப்போ அந்த டிஸ்க் மெதுவா இருந்துச்சே ஒழிய படிக்க வந்துச்சு. அப்பவே ஒழுங்கா காப்பி எடுத்திருந்தா பெரும்பகுதி வந்திருக்கும். இதை நான் பின்னாடி தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அப்போ என்ன பண்ணணும்? முதல்ல அந்த டிஸ்க்லேர்ந்து விண்டோஸை பூட் பண்றதை நிறுத்துங்க, ஏன்னா ஆன்ல இருந்தாலே லாக், அப்டேட், டெம்ப் ஃபைல்னு எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும். லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல (பென்டிரைவ்லேர்ந்தே ஓடுற லினக்ஸ்) பூட் பண்ணுங்க, பழைய டிஸ்க்கை மவுன்ட் பண்ணாதீங்க, அதாவது ஃபைல் பாக்குறதுக்காகத் தொறக்காதீங்க, டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச கருவி இருக்கு, அதை வச்சு காப்பி எடுங்க. உபுண்டு, டெபியன்ல ஜிடிடிரெஸ்க்யூங்கிற பேர்ல தேடினா கிடைக்கும். சாதாரண குளோன் சாஃப்ட்வேர் மோசமான செக்டர்ல முட்டினா அங்கயே எரர் போட்டு நின்னுடும், நீங்களும் திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்பீங்க, ஒவ்வொரு தடவையும் டிஸ்க் இன்னும் கொஞ்சம் சாகும். தம்பி நாலு தடவை பண்ணது அது தான். டிடிரெஸ்க்யூ அப்படி இல்ல, படிக்க வராத இடத்தைத் தாண்டிக் குதிச்சுப் போய் நல்லா இருக்கிற பகுதியை முதல்ல எடுத்துக்கும், மிச்சம் இருக்கிற ஓட்டையைக் கடைசியில தான் நோண்டும். முதல் ஓட்டத்துக்கு ஹைஃபன் என் (-n) ஆப்ஷன் போடுங்க, அந்த நோண்டுற வேலையையும் தள்ளிப் போட்டுடும். நல்ல பகுதியெல்லாம் கைக்கு வந்த பிறகு ரெண்டாவது ஓட்டத்துல ஹைஃபன் ஆர் 3 (-r3) போட்டு மிச்சத்துக்கு மூணு சுத்து முயற்சி பண்ணச் சொல்லலாம்.

இதுலயும் ஒரு இடத்துல நான் அடி வாங்கியிருக்கேன். டிடிரெஸ்க்யூ எது வந்துச்சு எது வரலன்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே வரும், நடுவுல நின்னாலும் அதே கமாண்டை அதே மேப் ஃபைலோட திரும்பக் குடுத்தா விட்ட இடத்துலேர்ந்து தொடரும். லைவ் பென்டிரைவ்ல ஓட்டும்போது நீங்க பாட்டுக்கு ஹோம் ஃபோல்டர்ல மேப் ஃபைலை வச்சா அது பெரும்பாலும் ரேம்ல தான் இருக்கும், கரண்ட் போச்சுன்னா மேப்பும் போச்சு. ஒன்றரை நாள் ஓட்டினது எனக்கு அப்படிப் போச்சு. மூணாவதா ஒரு பென்டிரைவ் மாட்டி அதுல வைங்க.

காப்பி முடிஞ்சதும் பழைய டிஸ்க்கைக் கழட்டி எடுத்து வச்சிடுங்க. செக்டிஸ்க் போட்டே ஆகணும்னா அந்தக் காப்பியிலேர்ந்து இன்னொரு காப்பி எடுத்து அது மேல போடுங்க, கெட்டுப் போனாலும் முதல் காப்பி பத்திரமா இருக்கும்.

டிக் டிக்னு சத்தம் வர்ற டிஸ்க்குக்கு இது எதுவும் பொருந்தாது. உள்ள டேட்டாவைப் படிக்கிற ஹெட் போயிருக்கலாம், அப்படிப் போன ஹெட் தட்டு மேல உரசினா உரசின இடத்துல இருந்த டேட்டா முழுசா போயிடும். உள்ள இருக்கிறது முக்கியம்னா ஆஃப் பண்ணிட்டு, டேட்டா ரெகவரி லேப் வச்சிருக்கிறவங்ககிட்ட கொண்டு போங்க. இன்னொரு தடவை போட்டுப் பாப்போமேன்னு தோணும், போடாதீங்க.

டிஸ்க்கை ஃப்ரீசர்ல வைக்கிறது

வேணாம். வெளியில எடுத்ததும் தண்ணி கோத்துக்கும்.

சோர்ஸ், டார்கெட் மாத்திப் போடுறது

மாத்திப் போட்டா காலி டிஸ்க் உங்க பழைய டிஸ்க் மேல காப்பி ஆகி டேட்டா போயிடும். டிஸ்க் 0, டிஸ்க் 1ங்கிற நம்பரை நம்பாதீங்க, ரீபூட் பண்ணா மாறலாம், லினக்ஸ்ல எஸ்டிஏ, எஸ்டிபிங்கிற டிஸ்க் பேரும் அப்படித் தான். ரெண்டுமே 1 டிபின்னா அளவை வச்சும் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்தைப் பேப்பர்ல எழுதி, பழசு எது புதுசு எதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, திரையில அதே நம்பர் வருதான்னு பாத்துட்டு அப்புறம் ஓகே குடுங்க. அவசரத்துல பண்ற வேலையே கிடையாது இது.

குளோன் இருக்கு, அதனால பேக்கப் இருக்குன்னு நினைக்கிறது

குளோன்ங்கிறது டிஸ்க் மாத்துறதுக்கு. இன்னிக்கு நிலையை அப்படியே இன்னொரு டிஸ்க்ல வைக்கும், அடுத்த மாசம் திரும்பக் குளோன் பண்ணா போன மாச நிலை அழிஞ்சிடும். ஒரு ஃபைல் மூணு வாரம் முன்னாடியே கெட்டுப் போயிருக்கு, உங்களுக்கு இன்னிக்குத் தான் தெரியுதுன்னா குளோன்லயும் கெட்டது தான் இருக்கும். கிளவுட் சிங்க்கும் ரெய்டும் (ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்ல ஒரே நேரத்துல எழுதுறது) இதே கதை, நீங்க அழிச்சா அங்கயும் அழியும், கிளவுட்ல இருக்கிற ரீசைக்கிள் பின்னும் கொஞ்ச நாளைக்குத் தான் வச்சிருக்கும். பேக்கப்னா பழைய தேதிக்குப் போக முடியணும். எப்பவும் மாட்டியே வச்சிருக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் நம்ப முடியாது, ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வைரஸ்) உள்ள வந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும். எடுத்து முடிச்சதும் கழட்டுங்க.

முதல் பூட்டுக்கு ரெண்டு டிஸ்க்கையும் மாட்டி வைக்கிறது

குளோன்னா ஐடியும் சேர்ந்து தான் காப்பி ஆகும். ஒரே ஐடியோட ரெண்டு டிஸ்க்கைப் பாத்தா விண்டோஸ் ஒண்ணை ஆஃப்லைன் ஆக்கிடும். சில நேரம் பழைய டிஸ்க்லேர்ந்தே பூட் ஆகியிருக்கும், நீங்க புதுசுல ஓடுதுன்னு நினைச்சுட்டு பழசை ஃபார்மட் பண்ணப் போவீங்க. ஷட்டவுன் பண்ணி, பழசைக் கழட்டிட்டு, அப்புறம் ஆன் பண்ணுங்க.

பிட்லாக்கர் கீ இல்லாம ஆரம்பிக்கிறது

பிட்லாக்கர்னா டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி, புது லேப்டாப் பலதுல நீங்க கேக்காமலே ஆன் ஆகியிருக்கும். குளோனுக்கு முன்னாடியே 48 இலக்க ரெகவரி கீயை எடுத்து எழுதி வைங்க, அந்த லேப்டாப்புக்குள்ளயே சேவ் பண்ணி வைக்காதீங்க.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

விண்டோஸ்ல இந்த வசதி ஆன்ல இருந்தா, ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா மூடுறதில்ல, பாதி தூக்கத்துல தான் இருக்கும், அந்த நிலையில வெளியிலேர்ந்து குளோன் எடுத்தா டூல் மறுக்கும், இல்ல குழப்பமான காப்பி வரும். ஷிஃப்ட்டைப் புடிச்சுக்கிட்டு ஷட்டவுன் குடுங்க.

சி டிரைவை மட்டும் காப்பி பண்றது

பூட் ஆகாது. பூட் ஆகுறதுக்கு வேண்டிய ஃபைல் இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷன்னு 100 எம்பி அளவுல ஒண்ணு இருக்கும், அதையும் சேருங்க. டார்கெட் சின்னதா இருந்தாலும் பிரச்சனை: 512 ஜிபிலேர்ந்து 500 ஜிபிக்குப் போகணும்னா, டிஸ்க் பாதி காலியா இருந்தாலும் சரி, முதல்ல பார்ட்டிஷனைச் சுருக்கணும். பெருசுக்குப் போறவங்க டிஸ்க்கைப் பிரிச்சிருக்கிற முறை எம்பிஆரா ஜிபிடியான்னு பாருங்க, எம்பிஆர்னா 2 டிபிக்கு மேல இருக்கிற இடம் சும்மா கெடக்கும்.

ரிஸ்டோர் பண்ணிப் பாக்காம விடுறது

2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப்ல (புரோகிராமர்கள் கோட் வைக்கிற இணைய சேவை) நடந்தது எல்லாருக்கும் தெரியணும். ஒரு எஞ்சினியர் ரெண்டாவது சர்வர்ல இருக்கிறதா நினைச்சு, மெயின் சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சிட்டார். 300 ஜிபி பக்கம் இருந்ததுல நிறுத்தும்போது மிச்சம் 4.5 ஜிபி. சரி பேக்கப் இருக்கேன்னு போனா, அஞ்சு விதமா ஏற்பாடு பண்ணி வச்சதுல எதையும் நம்பி எடுக்க முடியல. தினசரி எடுக்கிற டேட்டாபேஸ் நகல் (டம்ப்) சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாம ரொம்ப நாளா தோத்துக்கிட்டே இருந்திருக்கு, தோத்துடுச்சுன்னு அனுப்பின மெயில் கூட யாருக்கும் போய்ச் சேரல. ஆறு மணி நேரம் முன்னாடி வேற ஒரு வேலைக்காகக் கையால எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையோட நகல்) தான் அவங்களைக் காப்பாத்துச்சு.

பெரிய டீம் வச்சிருக்கிறவங்களுக்கே இந்த கதின்னா நாம இன்னும் கவனமா இருக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை பேக்கப்லேர்ந்து ஒரு பழைய ஃபைலை, முடிஞ்சா வேற கம்ப்யூட்டர்ல, திரும்ப எடுத்துத் தொறந்து பாருங்க. பச்சை டிக் வந்திருக்குன்னு விட்டுடாதீங்க, ஃபைலைத் தொறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் உருட்டிப் பாருங்க.

பழைய டிஸ்க்கை அன்னிக்கே அழிக்கிறது

ஒரு மாசமாவது டப்பாவுல தேதி போட்டு வைங்க. தம்பியோட 1 டிபி டிஸ்க்கும் இப்போ அப்படித் தான் இருக்கு. டிடிரெஸ்க்யூ மூணு நாள் ஓடுச்சு, 40 எம்பிக்குள்ள தான் வரல, அதுல எந்தெந்த ஃபைல் மாட்டியிருக்குன்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்துட்டிருக்கான்.