முகம் வீங்கினால் முதலில் கேளுங்கள்: கடிக்குதா, அதாவது அரிக்குதா?

வாழைச்சேனை மாமிக்கு ஒரு காலையில் மேலுதடு மட்டும் பலாச்சுளை மாதிரி வீங்கித் தொங்கியது. முதல் நாள் இறால் கறி என்பதால் வீட்டில் எல்லாரும் இறாலையே குற்றம் சொல்லி, ஒவ்வாமைக்குக் கொடுக்கிற பிரிட்டன் குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டார்கள். பின்னேரமாகியும் வற்றவில்லை. மாமி ஒருதரம்கூடச் சொறியவில்லை, உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை, அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வழமையான ஒவ்வாமை கடிக்கும், தடிக்கும். கடி இல்லாத வீக்கம் என்றால் கிளினிக் கொப்பியைத் திறந்து பிரஷர் குளிசையின் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடிந்தால் சந்தேகப்படலாம். மாமி மூன்று வருஷமாக எனலாப்ரில் எடுத்தவர், "இவ்வளவு நாளாக் குடிக்கிறன், இப்ப எப்பிடி?" என்றுதான் அவரும் கேட்டார். இந்தக் குளிசை வருஷக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் வீங்கச் செய்யும். உடம்பில் பிராடிகினின் என்ற பொருள் சேர்வதால் வருகிற வீக்கம் இது, வழமையான ஒவ்வாமையில் சுரக்கிற ஹிஸ்டமினால் அல்ல, அதனால்தான் பிரிட்டன் வேலை செய்யாது. அடுத்த வேளைக் குளிசையைப் போடாமல் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள், பதிலுக்கு எதை எடுப்பது என்பதை அவரே சொல்லட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வற்றிவிடும்.

ப்ரில் குளிசை எடுக்காத இளம் ஆளுக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படி வந்து வந்து போகிறதா, இடையிடையே காரணமில்லாமல் கடும் வயிற்றுவலியா, தகப்பனுக்கோ தாய்க்கோ இருந்ததா? அது பரம்பரை அஞ்சியோஎடீமாவாக (பரம்பரையாக வருகிற, தோலுக்கடியிலான வீக்க நோய்) இருக்கலாம், ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு வருவது. இரத்தத்தில் முதலில் சி4, பிறகு சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதங்களின் அளவைப் பார்ப்பார்கள். இதற்கான இகாட்டிபான்ட் ஊசி எல்லா இடத்திலும் கிடைக்காது, இல்லாத இடத்தில் உறைய வைத்த பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவதுண்டு.

காலையில் கண்ணைச் சுற்றி ஊதி, சலம் நுரைத்தால் சிறுநீரகம். குனியும்போது முகமும் கழுத்தும் புடைத்துச் சிவந்தால் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். கண் வீங்கிக் காய்ச்சலோடு பார்வை மங்கினால் ஒரு இரவும் பொறுக்காதீர்கள்.

நாக்கு தடித்து, குரல் மாறி, எச்சில் விழுங்க முடியாமல் போனால் காரணம் தேடுகிற நேரமில்லை. நிமிர்த்தி இருத்தி 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

மாமியின் கொப்பி மட்டையில் இப்போது சிவப்புப் பேனையால் 'எனலாப்ரில் கூடாது' என்று எழுதியிருக்கிறது. இறால் பழையபடி சட்டியில்.