டீ சக்கையை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள்

எங்கள் வீட்டில் நான்கு பேர், காலையும் மாலையும் டீ. மாதம் அரைக் கிலோ தூள் காலியாகும். கொதிக்கும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்து டம்ளருக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், காய்ந்த சக்கையாக மாதம் 300 கிராமுக்குக் குறையாமல் மிஞ்சும். இதைக் குப்பையில் போடுவானேன் என்றுதான் நானும் ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த விதம்தான் தப்பு. மாடித்தோட்டம் போட்ட முதல் வருடம், ரோஜாவுக்கு டீ இலை நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, வடிகட்டியில் நின்ற சக்கையையும் பாத்திரத்தில் மிஞ்சிய ஆறிப்போன டீயையும் தினமும் ஒரே தொட்டியில் ஊற்றி வந்தேன். நான்காம் நாள் கைப்பிடிச் சுவரிலிருந்து தொட்டிக்கு எறும்பு வரிசை கட்டியது. அடுத்த வாரம் இலைக் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கும், செடி செடியாகப் பரவவும் விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதோடு நிற்கவில்லை. மண்ணின் மேல் கறுப்பாக ஓர் அடை படிந்திருந்தது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் அடையின் மேலேயே குளம் கட்டி, தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். விரலை விட்டுப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "செடிக்கு டீ மட்டும் போதுமா, கூட ரெண்டு பிஸ்கட்டும் வெச்சிரும்மா" என்றார்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. இணையத்தில் சுற்றிவரும் டீ இலைக் குறிப்புகளில் பெரும்பாலானவை, வெறும் வெந்நீரில் இலையை ஊறவைத்துக் குடிக்கும் ஊர்களுக்கானவை. நாம் பால், சர்க்கரை, இஞ்சி, ஏலக்காய் எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். ஆக, நம் வடிகட்டியில் இலையோடு பால் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தே நிற்கிறது. அதிலும் நம்மூரில் அதிகம் விற்பது சி.டி.சி. தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. அந்தக் குருணையும் பொடியும் ஈரத்தோடு காய்ந்தால் அடையாகத்தான் பிடிக்கும். எனவே எதற்குப் பயன்படுத்துவதாக இருந்தாலும் முதல் வேலை அலசுவது.

அலசுவதும் காயவைப்பதும்

டீ வடிகட்டிய கையோடு, சக்கை வடிகட்டியிலேயே இருக்கும்போது, குழாயடியில் பிடித்து ஒரு தடவை அலசுங்கள். பால் நிறத்தில் தண்ணீர் இறங்கும். கரண்டியால் கிளறிவிட்டு இன்னொரு தடவை. இறங்கும் தண்ணீர் பால் கலங்கல் போய் வெறும் பழுப்பாக வந்தால் போதும். சாயங்காலம் அலசிக்கொள்ளலாம் என்று காலைச் சக்கையை அப்படியே விட்டுவைத்தால் பால் ஆடை ஒட்டிப் புளித்துவிடும். பிறகு அலசியும் வாடை போகாது. கரண்டியின் முதுகால் அழுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, இஞ்சித் துண்டுகளையும் ஏலக்காய்த் தோலையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஓர் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் வையுங்கள். முறத்தில் காயவைத்தால் இடுக்குகளில் பொடி சிக்கிக்கொள்ளும். நல்ல வெயிலில் அரை நாள் போதும். மழைக்காலத்தில் அடுப்பை அணைத்தபின் சூடாக இருக்கும் தோசைக்கல்லில் பரப்பிவிடலாம். சரியாகக் காய்ந்த சக்கை விரலில் ஒட்டாது, தேய்த்தால் மணல் மாதிரி சரசரக்கும். மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைக்கலாம். வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டால் அதை உரக்குழிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

செடிக்கு: மக்கவைத்துப் போடுவதுதான் மேல்

காய்ந்த டீ சக்கையில் நைட்ரஜன் எடையில் சுமார் 4 சதவீதம் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இலைக்குள் கட்டுண்டு கிடக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகே வேருக்குக் கிடைக்கும். பொட்டாசியமோ தண்ணீரில் எளிதாகக் கரைவது, அதில் பெரும்பகுதி டீயோடு நம் வயிற்றுக்குப் போயாயிற்று. அதனால் சக்கையை மட்டுமே உரமாக நம்பியிருந்தால் பூக்கும் செடிக்குப் போதாது.

மக்கவைக்க ஒரு பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். அடியிலும் பக்கங்களிலும் பென்சில் பருமனில் பத்துப் பதினைந்து ஓட்டைகள் போடுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த குச்சிகளோ தேங்காய் நாரோ. அதன் மேல் ஒரு பங்கு டீ சக்கை, ஒரு பங்கு காய்கறித் தோல், மூன்று பங்கு சருகு என்று அடுக்கிக்கொண்டே வாருங்கள். வாழைப்பழத் தோலை நறுக்கிச் சேர்த்தால் பொட்டாசியக் குறையும் ஓரளவு தீரும். தொடக்கத்தில் ஒரு கைப்பிடி பழைய மக்கு உரமோ, அரை டம்ளர் புளித்த மோரோ தெளித்தால் சீக்கிரம் சூடு பிடிக்கும்.

ஈரப்பதம்தான் இதில் எல்லாரும் கோட்டை விடும் இடம். அளவெல்லாம் வேண்டாம், புட்டு மாவுப் பதம் என்று நினைவில் வையுங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிக்கும்போது தண்ணீர் சொட்டினால் சருகு சேருங்கள். பிடியே நிற்கவில்லை என்றால் தண்ணீர் தெளியுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். புளிப்பு வாடையோ மூக்கைக் குத்தும் நெடியோ வந்தால் பயப்படாதீர்கள், அதற்கும் சருகுதான் மருந்து. இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, புதுமழை பெய்த மண் வாசத்தோடு கிடைக்கும்.

வாளியெல்லாம் வைக்க இடமில்லை என்பவர்கள், 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி காய்ந்த சக்கையை, 20 நாளுக்கு ஒருமுறை, மேல் மண்ணைக் கிளறி அதோடு கலந்து மூடிவிடலாம். மேலாகத் தூவிவிட்டுப் போகாதீர்கள், அடை கதை மறுபடி தொடங்கும். விதை போட்ட தட்டிலும் சின்ன நாற்றுகளுக்கும் வேண்டவே வேண்டாம். சக்கையில் மிச்சமிருக்கும் காஃபின் முளைப்பைத் தடுக்கும் குணம் உள்ளது. சோற்றுக்கற்றாழை, கள்ளி வகைகளுக்கும் விட்டுவிடுங்கள்.

டீ சக்கை மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். டீ லேசான அமிலம்தான். ஆனால் நாம் தினமும் ஊற்றும் போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்புக்கு முன்னால் மாதம் மூன்று நான்கு கரண்டி சக்கை ஒன்றும் செய்துவிடாது.

மிஞ்சிய டீயின் விஷயத்துக்கு வருவோம். பால் டீ என்றால் தொட்டிக்கு வேண்டாம், சாக்கடையில் ஊற்றிவிடுங்கள், மனசு கேட்கவில்லை என்றால் சருகு நிறைய இருக்கும் உரவாளியில் ஒரு டம்ளர். சிலோன் பக்கம் பிளேன்டீ என்பார்களே, அந்தப் பாலில்லாத டீ, சர்க்கரையும் சேராமல் மிஞ்சினால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஆறவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம்.

சக்கை நிறைய வேண்டுமென்றால்

தெருமுனை டீக்கடையைப் பாருங்கள். மாஸ்டர் தூளைத் துணி வடிகட்டியில் போட்டு, பாய்லர் வெந்நீரை ஊற்றி டிகாக்ஷன் இறக்குகிறார். பாலும் சர்க்கரையும் கிளாஸில்தான் சேர்கின்றன. ஆக, கடைச் சக்கையில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அலசும் வேலையே இல்லை! இது மண்டையில் உறைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

போய்க் கேட்டேன். "அண்ணே, டீ சக்கை கொஞ்சம் கிடைக்குமா?" அவர் ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கும்மா?"

அவர் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. பழைய சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றிப் புதுத்தூளில் கலக்கும் திருட்டு நம் நாட்டில் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுத்தூளை உரிமம் இல்லாமல் வாங்கவும் விற்கவும் கூடாது என்று 1959-லேயே டீக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தூளைச் சோதிக்க, வடிதாளில் கொஞ்சம் பரப்பித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் தாளில் உடனே பளிச்சென்று கறை படரும். சரி, செடிக்கு என்று சொன்னதும் அவர் மூடியோடு ஒரு வாளி கொண்டுவரச் சொன்னார். இப்போது வாரம் ஒருமுறை அரை வாளி வருகிறது.

வீட்டுக்குள்

சின்ன உபயோகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த சக்கையை ஒரு கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வாடையை இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் மாற்றுங்கள். பழைய சாக்ஸில் கட்டி ஷூவுக்குள் இரவு முழுக்க வைக்கலாம். மீன் கழுவிய கையில் ஈரச் சக்கையைத் தேய்த்துக் கழுவினால் கவிச்சி குறையும். கண்ணாடி துடைக்கப் பரவாயில்லை ரகம், ஈரச் செய்தித்தாளே அதைவிட நன்றாகத் துடைக்கும். சக்கையைப் புகைபோட்டால் கொசு ஓடும் என்பது எந்தப் புகைக்கும் பொருந்தும், நாமும் இருமிக்கொண்டே ஓட வேண்டியதுதான். பளிங்குத் தரையில் மட்டும் டீ பட விடாதீர்கள், கறை உள்ளே இறங்கிவிடும்.

டீ பேக் வாங்குபவர்கள் கவனிக்க: சில பைகள் நைலான், சிலவற்றில் காகிதத்தை ஒட்டவே பிளாஸ்டிக் இருக்கும். மக்காது. பையைக் கிழித்து இலையை மட்டும் எடுங்கள், ஸ்டேப்ளர் பின் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த உபயோகம் துருப்பிடித்த இரும்புச் சட்டி. ஜப்பானில் இரும்புக் கெண்டியில் துரு வந்தால், குடித்து முடித்த டீ இலையைப் போட்டுத்தான் கொதிக்கவைப்பார்கள். டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து கறுப்புப் பூச்சாக மாறிவிடும். முதலில் தேங்காய் நாரால் உதிரும் துருவைத் தேய்த்து எடுங்கள். இரண்டு கைப்பிடி சக்கையைத் துணியில் முடிந்து, சட்டி நிறையத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் மை மாதிரி கறுக்கும். பதறாதீர்கள், வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஆறியதும் கொட்டி, தேய்க்காமல் கழுவி, அடுப்பில் ஈரம் போகச் சூடாக்கி, நல்லெண்ணெய் தடவி வையுங்கள். துரு ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

இதே இரும்பு–டானின் சங்கதிதான் கடுக்காய் மையிலும். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூரில் துணியில் கையால் வரையும் கலம்காரி ஓவியத்தின் கறுப்புக் கோடும் அந்த வழிதான்: துணிக்குக் கடுக்காய், கோட்டுக்கு வெல்லத்தில் ஊறிய இரும்பு.

அதைப் படித்த ஆர்வத்தில்தான் துணிக்குச் சாயம் போடப் போனேன். பழுப்பேறிய வெள்ளைத் தலையணை உறை, முழுப் பருத்தி. பாலியெஸ்டர் கலந்த துணியில் சாயம் சரியாக ஏறாது. 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, துணியை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வேறு பாத்திரத்தில், எவர்சில்வரே நல்லது, நான்கைந்து கைப்பிடி காய்ந்த சக்கையை இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, துளி பொடி இல்லாமல் வடிகட்டுங்கள். பொடி ஒட்டினால் அந்த இடம் புள்ளியாகிவிடும். படிகார நீரைப் பிழிந்த துணியை அதில் முழுக மூழ்கவைத்து, சிறுதீயில் ஒரு மணி நேரம், அடிக்கடி புரட்டிப் புரட்டி. அடுப்பை அணைத்து இரவு அப்படியே விட்டு, காலையில் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தில் கருப்பட்டி மாதிரி தெரியும் நிறம் காய்ந்ததும் பனங்கற்கண்டு நிறத்துக்கு வந்து நிற்கும். முதல் சில தடவை தனியாகவே துவையுங்கள்.

என் உறையில் நிறம் அழகாகத்தான் ஏறியது. ஓரத்தில் மட்டும் வரிசையாக வெள்ளைக் கோடு. தைத்த நூல் பாலியெஸ்டர். மாமியார் கொடியில் கிடந்ததைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நூல் மட்டும் டீ வேண்டாம்னுருச்சா?"