பழைய புல்லட்டுக்கு அகலமான பின் டயர்: அளப்பது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

பழைய 350 புல்லட்டின் பின்னால் நின்று பார்த்தால் 3.25-19 டயர் (3.25 இன்ச் அகலம், 19 இன்ச் ரிம்) ஒல்லியாகத்தான் தெரியும். அதை அகலமாக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போய் டயரை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் அது செயினில் உரசுகிறது என்று தெரிய வருகிறது. டயர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். முதலில் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஸ்விங் ஆர்முக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த இடம் டயரின் அகலத்தைச் சொல்லும், டயர் ரிம்மைச் சொல்லும், ரிம் போக்ஸ் கம்பியின் நீளத்தைச் சொல்லும்.

ரிம் ஏன் மாற்ற வேண்டும்

பழைய புல்லட்டில் வரும் ரிம் 1.85 இன்ச் அகலம், 19 இன்ச் விட்டம். டபிள்யூ.எம்.2 என்று சொல்வது அந்த 1.85 அகலத்தைத்தான். இதன் மேல் 3.50 டயர் வரை தாராளமாக உட்காரும். 110 மி.மீ. அகல டயருக்குக் குறைந்தபட்சம் 2.15 இன்ச் ரிம் வேண்டும், 2.50 இருந்தால் சரியாகப் பொருந்தும். 120 டயருக்கு 2.50-க்குக் கீழே போகவே கூடாது.

ஒடுங்கின ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பி நிற்கும். ரோட்டில் படுகிற பரப்பு குறைந்துவிடும், வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும், நடுப்பட்டை மட்டும் சீக்கிரம் தேயும். அகலமும் முழுசாகக் கிடைக்காது. ரிம் அரை இன்ச் குறைந்தால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. குறையும் என்பது கணக்கு. 2.50 ரிம்முக்கான 110 டயரை 1.85 ரிம்மில் போட்டால் கையில் இருப்பது 103, 104 மி.மீ.தான். காசு கொடுத்தது 110-க்கு.

19-லிருந்து 18-க்கு இறங்குவது இன்னொரு காரணத்துக்காக. டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.25-19 டயர் சுமார் 648 மி.மீ. 120/80-18 என்றால் 120 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 18 இன்ச் ரிம்: 457 + 96 + 96, அதாவது 649. 110/90-18 டயர் 655. உயரம் ஏறக்குறைய அதேதான். அதனால் கியர் கணக்கு மாறாது, சென்டர் ஸ்டாண்டு போட்டால் சக்கரம் தரையை விட்டு எழும்பும், மட்கார்டுக்குள் உயரத்துக்கு இடம் பத்தும். பிற்காலக் கிளாசிக் வண்டிகளின் பின்சக்கரத்தில் கம்பெனியே கொடுத்த அளவுகளும் இவைதான். பழைய வண்டிக்கு 110/90-18 நல்ல தேர்வு. 120/80-18 உட்காருமா என்பதை உங்கள் ஸ்விங் ஆர்ம்தான் சொல்லும், வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருக்கிறது.

அளப்பது எப்படி

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, செயின் அட்ஜஸ்டரை முழுசாகத் தளர்த்திச் சக்கரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள். புது செயின் போடும் நாளில் சக்கரம் அங்கேதான் நிற்கும், டயர் ஸ்விங் ஆர்மின் குறுக்குக் குழாய்க்கு மிக நெருக்கமாக வரும் இடமும் அதுதான். தேய்ந்து நீண்ட செயினை வைத்து அளந்துவிட்டு, செயின் மாற்றின பிறகு டயர் முன்னால் இடிக்கிறது என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

அப்படியே வைத்து நான்கு இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: டயரின் இடது பக்கத்திலிருந்து செயின், வலது பக்கத்திலிருந்து ஸ்விங் ஆர்ம், முன்னால் குறுக்குக் குழாய், மேலே மட்கார்டு. புது டயரின் அகலத்தில் பழைய டயரின் அகலத்தைக் கழித்து, பாதியை ஒவ்வொரு பக்கத்திலும் குறையுங்கள். மிச்சம் செயின் பக்கம் 8 மி.மீ.யாவது, மற்ற பக்கங்களில் 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும். செயின் ஓடும்போது பக்கவாட்டில் ஆடும், டயரும் வேகத்தில் கொஞ்சம் விரியும்.

மட்கார்டு இடைவெளியை நிற்கிற வண்டியில் அளந்தால் போதாது. இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றி, ஷாக் அமுங்கும் தூரம் வரை சக்கரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவுங்கள். மட்கார்டைப் பிடித்திருக்கும் ஸ்டே போல்ட்டுகளின் நட்டு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் போல்ட்டைத் திருப்பிப் போட்டு, உருண்டைத் தலை உள்ளேயும் நட்டு வெளியேயும் வரும்படி செய்யுங்கள். டெயில் லைட் வயர் உள்பக்கமாகப் போனால் ஓரமாகக் கிளிப் போட்டுக் கட்டுங்கள். உரசி அறுந்த வயரால் இரவில் பின்விளக்கு இல்லாமல் ஓட்டுவது பெரிய ஆபத்து.

செயின் பக்கம் இடம் பத்தாவிட்டால், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில் பேக்கிங் வைத்து வெளியே தள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். வேறு வண்டிகளில் முன் ஸ்ப்ராக்கெட்டையும் அதே அளவு தள்ளினால் ஓரளவு முடியும். பழைய புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு, பிரிக்க முடியாது. இருக்கிற ஒரே வழி, ரிம்மைக் கம்பி இழுவையால் வலது பக்கம் தள்ளுவது. 3 மி.மீ. தள்ளினால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. 5 மி.மீ.க்கு மேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதற்கும் இடம் போதவில்லையென்றால் சின்ன டயருக்கு இறங்குங்கள். 130 டயருக்காக ஸ்விங் ஆர்மை அறுத்து அகலப்படுத்தி வெல்டிங் வைப்பதை எந்த விலைக்கும் செய்யாதீர்கள். வெல்டிங்கின் ஓரத்தில் குழாய் பலமிழந்து, பல மாதம் கழித்து, பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது பள்ளத்தில் விரிசல் விடும்.

ரிம், கம்பி, பின்னல்

வாங்க வேண்டியது 2.50 × 18 ரிம், 40 துளை. துளையை எண்ணிப் பாருங்கள், 36 துளை ரிம்மும் அதே அடுக்கில்தான் இருக்கும். துளைக்குழிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதும் முக்கியம். வேறு ஹப்புக்காக (சக்கரத்தின் நடுக்குடம்) துளைத்த ரிம் என்றால், கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் ஒரு கோணத்திலும் கம்பி இன்னொரு கோணத்திலும் நிற்கும், கம்பி நிப்பிளின் வாயில் வளைந்து அங்கேயே அறுந்துபோகும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய ரிம் எடுப்பதானால், உள்பள்ளத்தில் துருப்பிடித்துக் குழி விழுந்ததையும் துளையைச் சுற்றிக் கீறல் ஓடியதையும் தொடாதீர்கள்.

பழைய சக்கரத்தைப் பிரிக்கும் முன் ஹப்பின் முகத்தில் ஒரு நேர்கட்டையை வைத்து, அங்கிருந்து ரிம்மின் ஓரம் எவ்வளவு தூரம் என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். ரிம்மின் நடு எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிறகு இந்த எண்தான் சொல்லும். அளவு இல்லாமல் பின்னினால் மெக்கானிக் கண்ணால் மதிப்பிட்டு நிறுத்துவார். ரிம்மின் விட்டம் ஒரு இன்ச் குறைவதால் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 12 முதல் 13 மி.மீ. குட்டையாக வேண்டும். இடது, வலது, உள், வெளி என்று நான்கு வகையிலும் ஒவ்வொரு பழைய கம்பியை மாதிரிக்குக் கையில் எடுத்துக்கொண்டு போய், புதுக் கம்பிகளை அந்தக் குறைந்த நீளத்துக்கு வெட்டி மரையிடச் சொல்லுங்கள். பழைய கம்பியையே வெட்டிப் போட வேண்டாம்.

பின்னல் முடிந்து கோட்டம் எடுக்கும்போது பக்கவாட்டு ஆட்டமும் மேல்-கீழ் ஆட்டமும் 1 மி.மீ.க்குள் வர வேண்டும். ஒரு ஸ்பானரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் கேட்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் அந்தக் கம்பி சுமை தாங்கவில்லை, பக்கத்துக் கம்பி இரண்டு மடங்கு தாங்குகிறது. நிப்பிளைத் தாண்டி உள்ளே நீட்டும் கம்பி முனைகளை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, 18 இன்ச் ரிம் டேப்பைப் போடுங்கள்.

மாட்டுவது

டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் இந்தக் கம்பி ரிம்மில் டியூப் போட்டே ஆக வேண்டும், நிப்பிள் துளை வழியாகக் காற்று போய்விடும். டியூபும் டயருக்கேற்ற அளவில் புதிதாக வேண்டும். சின்ன டியூப் பெரிய டயருக்குள் இழுபட்டு மெலிந்துவிடும், மே மாதத்துத் தார் ரோட்டுச் சூட்டில் அது தாங்காது. டயரில் உள்ள அம்புக்குறி ஓடும் திசையைப் பார்த்து, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, 40 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்து உட்காரவையுங்கள். டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். பிறகு காற்றை முழுசாக விட்டு மறுபடி அடித்தால் டியூபின் மடிப்பு பிரியும். ஓட்டுவதற்கு 28 முதல் 30 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பியுங்கள், பின்னால் ஆள் உட்கார்ந்தால் 32.

அலைன்மென்ட் பார்க்க நூல் பிடிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். முன் டயர் சுமார் 82 மி.மீ., பின் டயர் 110. பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டி முன்னால் இழுத்த நூலுக்கும் முன் டயருக்கும் நடுவே பக்கத்துக்கு 14 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ரிம்மை 3 மி.மீ. வலது பக்கம் தள்ளியிருந்தால் இடது பக்கம் 11, வலது பக்கம் 17 காட்டும், அதுதான் சரி. இரண்டையும் சமமாக்க அச்சைத் திருப்பினால் சக்கரம் கோணலாக நின்று செயினைத் தின்னும்.

ஓட்டிப் பார்ப்பது

டயரின் இடது பக்கச் சுவரிலும் மட்கார்டின் உள்பக்கமும் சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டு, பின்னால் ஒருவரை ஏற்றி நான்கைந்து வேகத்தடைகள் மேல் போய் வாருங்கள். தூள் எங்காவது கோடாக அழிந்திருந்தால் அங்கே உரசுகிறது. வண்டி வளைவில் சாய முன்பைவிடச் சோம்பலாக இருக்கும், கைப்பிடியில் கொஞ்சம் அதிகமாக அழுத்த வேண்டிவரும். புது ரோடு போடுவதற்காகச் சுரண்டிவிட்ட இடங்களில் அகல டயர் கோடுகளைப் பிடித்துக்கொண்டு அலையும், வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு: பின்னால் கம்பெனி அளவு 2.75-18. அதே ரிம்மில் 3.00-18 நிம்மதியாக உட்காரும், உயரம் இரண்டு சதவீதம்தான் கூடும். 90/90-18 வேண்டுமென்றால் ரிம் 1.85 அல்லது 2.15 ஆக வேண்டும், உயரம் கிட்டத்தட்ட நான்கு சதவீதம் கூடும். அந்தச் சின்ன எஞ்சினில் இழுவை குறைவது உடனே தெரியும். அதற்கு மேல் போகாதீர்கள்.

வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவில் வருகிறது. உங்கள் மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முதல் 100 கி.மீ.க்குப் பிறகு கம்பிகளை மறுபடி தட்டிப் பாருங்கள், தளர்ந்தவை கட்டாயம் இருக்கும். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. அப்போது வால்வையும் கவனியுங்கள். நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் டியூப் டயரோடு நகர்கிறது என்று அர்த்தம், காற்றை இறக்கி நேராக்கிவிட்டு அழுத்தத்தை 2 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். அப்படியே விட்டால் வால்வு அடியோடு கிழிந்து ஒரே நொடியில் காற்று போய்விடும்.