மொட்டை மாடி டேங்கை வைத்து வேலை, திறன், ஆற்றல் கணக்குப் போடுவது எப்படி?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாக மாடியில் டியூஷன் எடுக்கிறேன். வேலை, ஆற்றல், திறன் பாடம் வந்தால் சாக்பீஸை எடுப்பதில்லை. எல்லோரையும் மோட்டார் சுவிட்சுக்குக் கூட்டிப் போய்விடுவேன். எம்ஜிஹெச் (நிறை × புவியீர்ப்பு முடுக்கம் 9.8 × உயரம்) என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளையிடம், "அந்த ஹெச் எங்கிருந்து எங்கே?" என்று கேளுங்கள், முழிக்கும். டேப், செல்போன், சணல் கயிறு, ஒரு நோட்டு இருந்தால் போதும், இதை உங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் படிக்கட்டு. எங்கள் வீட்டில் தரையிலிருந்து மாடிக்கு 38 படி, ஒவ்வொன்றும் 17.5 செ.மீ. உயரம். மொத்தம் 6.65 மீட்டர். படியின் அகலத்தை அளக்காதீர்கள், புவியீர்ப்புக்கு எதிராக மேலே போன உயரம் மட்டும்தான் கணக்கு. என் எடை 68 கிலோ. 68 × 9.8 × 6.65 பெருக்கினால் சுமார் 4430 ஜூல். அது நான் செய்த வேலை. மூச்சு வாங்க 26 விநாடியில் ஏறினேன். வகுத்தால் 170 வாட். அது என் திறன். 52 கிலோ பையன் ஒருவன் 14 விநாடியில் ஓடி ஏறினான்: 3390 ஜூல், 242 வாட். வேலையில் நான் முந்தினேன், திறனில் அவன். இதே படியை நான் ஐந்து நிமிடம் எடுத்து ஏறினாலும் அதே 4430 ஜூல்தான். திறன் மட்டும் 15 வாட்டுக்கு இறங்கிவிடும். (இலங்கையில் படித்தவர்கள் ஆற்றலைச் சக்தி என்பார்கள், திறனை வலு என்பார்கள். குழம்ப வேண்டாம், சரக்கு ஒன்றுதான்.)

இனி மோட்டார். டேங்க் 1000 லிட்டர், அதாவது 1000 கிலோ தண்ணீர். உயரத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது. சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தொட்டியில்) தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த மட்டமும் மோட்டார் ஓட ஓட இறங்கும். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தோம்: தொடங்கும்போது தரைக்குக் கீழே 1.5 மீட்டர், முடியும்போது 2.5. சராசரி 2 மீட்டர். மேலே எதுவரை? டேங்கின் அடிவரை இல்லை, குழாயின் வாய்வரை. டேங்க் காலியாக இருந்தாலும் தண்ணீர் அந்த வாயைத் தாண்டித்தான் உள்ளே விழுகிறது. அது தரையிலிருந்து 9 மீட்டர். ஆக மொத்தம் 11.

1000 × 9.8 × 11 = 1,07,800 ஜூல். டேங்க் நிரம்ப 20 நிமிடம், அதாவது 1200 விநாடி. சுமார் 90 வாட். டேங்கின் மேல் அச்சிட்ட லிட்டரை நம்ப வேண்டாம் என்றால், 20 லிட்டர் வாளியைக் குழாய் வாயில் பிடியுங்கள். எங்களுக்கு 24 விநாடியில் நிறைந்தது. கணக்கு ஒத்துப்போகிறது.

மோட்டார் தகட்டில் அரை ஹெச்.பி. என்று போட்டிருக்கிறது. ஒரு ஹெச்.பி. 746 வாட், அப்படியானால் பாதி 373. மேலே வந்ததோ 90. "கடைக்காரன் ஏமாத்திட்டான் சார்" என்று ஒருவன் உடனே தீர்ப்பு எழுதினான். தகட்டில் இருப்பது முழுச் சுமையில் மோட்டார் தன் அச்சில் தரும் திறன். அது கரண்டிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பது வேறு, தண்ணீருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது வேறு.

எடுப்பதை அளக்க இ.பி. மீட்டருக்குப் போங்கள். சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், எங்களுடையதில் 3200. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், ஆகவே ஒரு மினுக்குக்கு 1125 ஜூல். மோட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். முதல் தடவை எனக்கு 45 வந்தது, மோட்டாரைத் திட்டினேன். கீழே இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டிருந்தேன். அதைக் கழற்றியதும் 30. ஃபிரிட்ஜை அணைக்க வீட்டில் விடமாட்டார்கள் என்றால், மோட்டார் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள்.

30 மினுக்கு என்றால் நிமிடத்துக்கு 33,750 ஜூல். 562 வாட் சொச்சம். 20 நிமிடத்துக்கு 6,75,000 ஜூல். நோட்டில் இடப்பக்கம் வரவு 6,75,000, வலப்பக்கம் செலவு 1,07,800 என்று எழுதுங்கள். தண்ணீருக்குக் கிடைத்தது நூற்றுக்குப் பதினாறு. ஆற்றல் அழியாது என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் மீதி 5,67,200 எங்கே? நோட்டை மூடாமல் தேட வேண்டியது இதைத்தான்.

பிள்ளைகள் முதலில் கைகாட்டுவது குழாயிலிருந்து பீறிடும் வேகத்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அங்குலக் குழாயில் இந்த ஓட்டத்துக்கு வேகம் விநாடிக்கு 1.7 மீட்டர். ஒரு லிட்டருக்கு இயக்க ஆற்றல் ஒன்றரை ஜூல்கூட இல்லை. உயர்த்தியதற்கோ லிட்டருக்கு 108 ஜூல். பார்வைக்குத்தான் பெரிய பாய்ச்சல், நோட்டில் சில்லறை. அடுத்து, சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டார் உடம்பில் காய்ந்த புறங்கையை வைத்துப் பாருங்கள். சுடும். செம்புச் சுருளின் சூடு, பேரிங் உராய்வு, உள்ளே தண்ணீரைக் கலக்கியடிக்கும் இம்பெல்லர், குழாயின் ஒவ்வொரு எல்போ வளைவு: எல்லாம் கடைசியில் வெப்பம்தான்.

இந்த வெப்பத்தையும் அதே நோட்டில் எழுதலாம் என்று காட்டியவர் ஜேம்ஸ் ஜூல் (அலகின் பெயர் இவருடையதுதான்), இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து பீர் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை. 1840களில், இறங்கும் எடைக்கற்களால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4186 ஜூல் வேண்டும். அதே தண்ணீர் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நம் 5,67,200 ஜூலும் டேங்க் தண்ணீருக்குள்ளேயே போயிருந்தால்கூட அது 0.14 டிகிரிதான் சூடாகியிருக்கும். கையை விட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"பதினாறு சதவீதத்துக்கு நானே வாளியில தூக்கிடுவேன் சார்" என்றான் அந்தத் தீர்ப்புக்காரன். தூக்கச் சொன்னேன். என் எடையை வைத்தே கணக்கு: ஆள் 68, தண்ணீர் 10, வாளி 1. மாடிக்கு ஏறுவது 79 கிலோ, அதில் தண்ணீர் நூற்றுக்குப் பதிமூன்று. மோட்டாரைவிட மோசம். உடம்பு சோற்றை எரிப்பதில் போகும் வெப்பத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. இரண்டு கையிலும் வாளி என்றால் 90 கிலோவில் 20, இருபத்திரண்டுக்கு ஏறும். ஆள் ஏறாமல் மாடியிலேயே நின்று கயிற்றில் இழுத்தால் 11 கிலோவில் 10 தண்ணீர்.

போன வாரம் கைப்பிடிச் சுவரில் கம்பி நீட்டி, பழைய கிணற்றுக் கப்பியை மாட்டினோம். நீங்கள் செய்தால் முதலில் கப்பியின் அச்சுக்குத் தேங்காயெண்ணெய் விடுங்கள். அந்தக் கிறீச்சையும் நோட்டில் செலவுப் பக்கம்தான் எழுத வேண்டும்.