முதல் புத்தக அலமாரி: இரண்டு பலகை, ஒரு ரம்பம், ஓர் உளி

நான் முதன்முதலில் செய்த புத்தக அலமாரியின் நடுத்தட்டு, இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் சரியாக 20 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பலகையின் தடிமனும் 20 மி.மீ.தான். அந்தப் பொருத்தம் தற்செயலல்ல. ஏன் என்பதைக் காடி, அதாவது தட்டின் முனையைச் செருகும் பள்ளம், எடுக்கும் இடத்தில் சொல்கிறேன். அதே தவற்றை நீங்களும் செய்யக்கூடிய இடம் அதுதான்.

இங்கே செய்யப்போவது 80 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம், 22 செ.மீ. ஆழம் உள்ள சிறிய அலமாரி. மூன்று தட்டுகள். மேல்தட்டுக்கு மேலே மூடி கிடையாது. பக்கப்பலகைகள் இரண்டும் சற்று உயர்ந்து நின்று, அங்கே வைக்கும் புத்தகங்கள் சரியாமல் பிடித்துக்கொள்ளும்.

முதலில் புத்தகங்களை அளந்துகொள்ளுங்கள்

ஏ4 புத்தகத்தின் உயரம் 297 மி.மீ., ஏ5 புத்தகத்தின் உயரம் 210 மி.மீ. பெரும்பாலான நாவல்கள் இந்த இரண்டாவது அளவை ஒட்டியே இருக்கும். புத்தகத்தின் தலையில் விரலை வைத்துச் சாய்த்து எடுக்க இரண்டு, மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். அதனால் கீழறைக்கு 320 மி.மீ., நடு அறைக்கு 250 மி.மீ. வைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பவை எல்லாம் சிறிய புத்தகங்கள் என்றால் குறைத்துக்கொள்ளலாம்.

அகலத்தில் மட்டும் ஆசைப்பட வேண்டாம். நெருக்கமாக அடுக்கினால் ஒரு மீட்டர் தட்டில் சுமார் 20 முதல் 30 கிலோ வரை புத்தகம் ஏறிவிடும். தட்டின் நீளத்தை ஒன்றரை மடங்காக்கினால், அது நிறையப் புத்தகம் அடுக்கும்போது தொய்வு ஐந்து மடங்காகிறது. தடிமனைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு. 20 மி.மீ. பலகைக்கு 60 செ.மீ. நிம்மதியான அளவு. 90 செ.மீ. வைத்தால் சில மாதங்களில் தட்டு வில்லாக வளையத் தொடங்கும்.

பலகை

20 மி.மீ. தடிமன், 220 மி.மீ. அகலம், 1.8 மீட்டர் நீளத்தில் இரண்டு பலகைகள் போதும். ஒன்றிலிருந்து 800 மி.மீ. பக்கப்பலகைகள் இரண்டு, மற்றொன்றிலிருந்து 572 மி.மீ. தட்டுகள் மூன்று. 572 என்ற கணக்கு இப்படி வந்தது: மொத்த அகலம் 600; இரு பக்கப்பலகைகளின் தடிமன் 40 போக 560; தட்டின் முனைகள் இருபுறமும் 6 மி.மீ. காடிக்குள் இறங்குவதால் 12 கூடும். உங்கள் பலகை இழைத்த பிறகு 18 மி.மீ. ஆகியிருந்தால் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்.

வாங்கும்போது பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வளைந்த பலகையை வீட்டில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

அறுப்பது

மூன்று தட்டுகளின் அளவையும் ஒரே மூச்சில் குறித்துவிட்டு அறுக்கக் கூடாது. ரம்பத்தின் பல்லும் ஒன்றரை, இரண்டு மி.மீ. மரத்தைத் தின்னும். ஒன்றை அறுத்த பிறகு அடுத்ததைக் குறியுங்கள். அதற்கும் அளவு நாடாவைத் தொட வேண்டாம். முதல் தட்டையே பலகைமேல் வைத்து, அதன் முனையை ஒட்டிக் கத்தியால் கோடு கிழியுங்கள். மூன்றாவதையும் முதல் தட்டை வைத்தே குறிக்க வேண்டும்; இரண்டாவதை வைத்துக் குறித்தால் பிழை ஏறிக்கொண்டே போகும். ரம்பம் எப்போதும் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ஓடட்டும்.

காடி எடுப்பது

முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாலைப்பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

பக்கப்பலகைகள் இரண்டையும் விரித்த புத்தகம்போல, உட்பக்கம் மேலே தெரிய, முன்விளிம்புகள் ஒன்றையொன்று தொட அருகருகே வையுங்கள். அடிமுனைகளைச் சமமாக்கி, நகராமல் கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடிப்பான்) போடுங்கள். அடியிலிருந்து 60, 400, 670 மி.மீ. உயரத்தில் புள்ளி வைத்து, மூலைமட்டத்தால் (செங்கோணம் காட்டும் கருவி) இரண்டு பலகைகளையும் கடந்து ஒரே கோடாக இழுங்கள். இப்படிச் செய்தால் நீங்கள் ஒரு மி.மீ. தவறாக அளந்திருந்தாலும் இரு பக்கமும் ஒன்றாகவே தவறும். தட்டு மட்டமாக நிற்கும். தனித்தனியாக அளந்தால் அந்த ஒரு மி.மீ. கண்ணை உறுத்தும்.

இந்தக் கோடு காடியின் கீழ்விளிம்பு. மேல்விளிம்பைக் குறிக்க 20 என்று அளக்காதீர்கள். அந்த இடத்துக்குரிய தட்டின் முனையையே கோட்டில் நிறுத்தி, மறுபக்கத்தைக் கத்தியால் கீறுங்கள். உடனே, வேறெதையும் செய்வதற்கு முன், இரு கோடுகளுக்கும் நடுவில் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். நான் அன்று ஒற்றைக் கோட்டை மட்டும் கிழித்துவிட்டு, குறி போடாமல் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து ஒரு பலகையில் கோட்டுக்கு மேலேயும் மற்றதில் கோட்டுக்குக் கீழேயும் காடி எடுத்தேன். அந்த 20 மி.மீ. அப்படி வந்ததுதான்.

இப்போது நேரான ஒரு மரச்சட்டத்தைக் கோட்டை ஒட்டிக் கிளாம்பால் பிடித்து, அதில் ரம்பத்தை ஒட்டி வைத்து 6 மி.மீ. ஆழத்துக்கு அறுங்கள். ரம்பத்தின் முகத்தில் பல் நுனியிலிருந்து 6 மி.மீ. மேலே ஒட்டுநாடா ஒட்டினால், நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளலாம். இரு கோடுகளையும் அறுத்த பின், நடுவிலுள்ள மரத்தை உளியும் கொட்டாப்புளியும் (மரச்சுத்தியல்) கொண்டு மெல்லிய சீவல்களாக எடுங்கள். ஒரு விளிம்பில் தொடங்கிப் பாதிவரை வந்து, பிறகு எதிர்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஒரே திசையில் கடைசிவரை தள்ளினால் மறுவிளிம்பு பிய்ந்துவிடும். உளி கூர்மையாக இருந்தால் சீவல் சுருண்டு வரும். மழுங்கியிருந்தால் மரம் தூளாக உதிரும். உளியைப் பிடிக்கும் கைக்கு முன்னால் இன்னொரு கை இருக்கவே கூடாது.

தட்டைச் செருகிப் பாருங்கள். கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் இறங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் காடியை அகலப்படுத்தாதீர்கள். தட்டின் முனையில் அடிப்பக்கத்தை இழைப்புளியால் (மரத்தைச் சீவும் கருவி) ஒரு சீவு சீவுங்கள். எடுத்த காடியை மறுபடி சிறிதாக்க முடியாது.

பூட்டுவது

பூட்டுவதற்கு முன்பே உட்பக்கங்களை 120, பிறகு 180 எண் உப்புத்தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேயுங்கள். பூட்டிய பிறகு மூலைகளுக்குள் கை போகாது. பசையில்லாமல் ஒருமுறை முழுதாகச் சேர்த்துப் பார்த்துவிடுவதும் நல்லது.

காடிகளில் வெள்ளை மரப்பசை தடவி, தட்டுகளைச் செருகி, கிளாம்பால் இறுக்குங்கள். நீளமான கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றைச் சுற்றிக் கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாலும் போதிய இறுக்கம் கிடைக்கும். வெளியிலிருந்து மூட்டுக்கு இரண்டு வீதம் 50 மி.மீ. திருகாணிகள், மொத்தம் 12. அவற்றுக்கு முன்கூட்டியே மெல்லிய துளை போடாவிட்டால் மரம் பிளக்கும்.

பசை காய்வதற்குள் அலமாரியின் இரு மூலைவிட்டங்களையும் அளங்கள். சமமாக இருந்தால் சட்டகம் நேராக இருக்கிறது. சமமில்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்துங்கள். சரியானதும் 6 மி.மீ. பிளைவுட்டை 596 × 630 அளவில் அறுத்துப் பின்புறத்தில் ஆணி அடித்துவிடுங்கள். அலமாரி இடம் வலமாக ஆடாமல் பிடித்திருப்பது அதுதான்.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் தேய்த்தால் அது மரத்துளைகளுக்குள் போய், பின்னால் வார்னிஷ் பிடிக்காத வெள்ளைத் திட்டாகத் தெரியும். ரப்பர்போல இறுகும்வரை காத்திருந்து உளியால் நெம்பி எடுங்கள். 24 மணி நேரம் பாரம் ஏற்ற வேண்டாம்.

மெருகு

மெல்லியதாக மூன்று பூச்சு வார்னிஷ். இடையிடையே 320 எண் தாளால் லேசான தேய்ப்பு. வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

ஒரு வாரமாவது வாசனை போகவிட்டுப் புத்தகம் அடுக்குங்கள், கனமானவை கீழறைக்கு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், அடுக்குவதற்கு முன்பே மேல்தட்டின் பின்விளிம்பை ஓர் எல் வடிவ இரும்புத் துண்டால் சுவரோடு பூட்டிவிடுங்கள்.