"எல்லார்ட்டயும் இரிக்கி" என்றால் பேரைக் கேளுங்கள்

தரம் 9, 10 படிக்கிற பிள்ளை "எல்லார்ட்டயும் இரிக்கி, எனக்கு மட்டும்தான் இல்ல" என்று விலையான சப்பாத்தோ பையோ கேட்டால், உடனே மறுக்காதீர்கள், கடைக்கும் ஓடாதீர்கள். "ஆரார்ட்ட மனே இரிக்கி?" என்று பேரைக் கேளுங்கள். விரல் விட்டு எண்ணினால் பெரும்பாலும் மூன்று நாலு பேருக்கு மேல் தேறாது.

அந்த வயதில் 'எல்லாரும்' என்பது முழு வகுப்பு அல்ல. இடைவேளையில் யார் பக்கத்தில் நிற்க ஆசையோ, அந்த நாலு பேர்தான். பள்ளியில் எல்லாருக்கும் ஒரே சீருடை, வித்தியாசம் காட்டக் கிடைப்பது சப்பாத்தும் பையும்தான். (டியூஷனுக்குக் கலர் உடுப்பு, அங்கே ஆசை இன்னும் கூடும்.) பிள்ளை தேடுவது பொருளை அல்ல, அந்தக் கூட்டத்தில் ஓர் இடத்தை என்று தெரிந்தால் மலிவான வழி இருக்கிறது: சனிக்கிழமை அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு பிளேன்டியும் வடையும் கொடுங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் சேர்ந்து கிரிக்கெட் அடிக்க விடுங்கள்.

கேட்க நல்ல இடம் மோட்டார் சைக்கிள். முகம் பார்க்கத் தேவையில்லாதபோது பின்னால் இருந்து தானாகவே கதை வரும்.

சப்பாத்து கிழிந்தோ சிறுத்தோ போயிருந்தால் இந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம், வாங்கிக் கொடுங்கள். கிண்டல் தாங்காமல் பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தாலும் இது உதவாது. அப்போது வகுப்பாசிரியரைப் பாருங்கள், தேவைப்பட்டால் இலங்கையின் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929.